ஒரே தடவையில் ஆச்சு

அத்தியாயம் 9

பன்னிரண்டாவது தடவையாகத் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்து விழுந்தது. கொக்கி கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடிக்காததற்கு ஒரே காரணம், அது அடுத்தவர் ஆபீஸ் கீபோர்டு என்பதுதான்.

"பில்டு ஃபெயிலியர்," என்று படித்தாள் பக்கத்து நாற்காலியில் இருந்த நாத்தனார். "அண்ணி, இது பில்டு ஆகலை. நல்லா பில்டப் மட்டும்தான் குடுக்குது."

"வாயை மூடுடி."

"மூடிட்டேன். பதிமூணாவது தடவை அடிக்கும்போது தொறக்கிறேன்."

கொக்கி என்பது பட்டப்பெயர். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்தவள் அவள். எரியாத கடை எரிந்தது என்றவன், ஓடாத லாரி கவிழ்ந்தது என்றவன், எல்லாரையும் அவரவர் வாயில் வந்த வார்த்தையிலேயே கொக்கி போட்டு இழுத்துவிடுவாள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில். உதவிக்குப் புருஷனின் தங்கை. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று ஊர் உலகத்தில் ஒரு பேச்சு உண்டு. இவர்கள் ரெண்டு பேருக்கும் நன்றாகவே ஆகும், கேட்கிறவர்களுக்குத்தான் அது தெரியாது.

கேஸ் இதுதான். அந்தச் சின்ன ஆபீஸ், ரத்த வங்கி ஒன்றுக்கு லேபிள் அடிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறது. ரத்தப் பையின் மேல் ஒட்டுகிற லேபிள், அதில் ரத்தத்தின் குரூப். பழைய லேபிள் பெரியது. புது லேபிள் சின்னது, குரூப்புக்கு மூன்றே எழுத்துக்குத்தான் இடம். பழைய புரோகிராமோ குரூப்புக்கும் அதன் கூட்டல், கழித்தல் குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டுப் பழகியது. ஏ, பி, ஓ எல்லாம் ஒற்றை எழுத்து, அதனால் தப்பித்துவிடும். ஏபிக்கு மட்டும் இரண்டு எழுத்து. அப்புறம் ஓர் இடைவெளி. மூன்று இடமும் தீர்ந்து குறி காணாமல் போய்விடும். பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லாத ஏபி பைகள் பதினொன்று இப்படித்தான் குளிர்பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தன. ஒரு நர்ஸ் கண்ணில் பட்டது. பட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த இடைவெளியை எடுக்கும் வேலை ஒரு இன்ஜினியருடையது. ஆறு வருடமாக லேபிள் வேலையே பார்ப்பதால் ஆபீஸில் அவனுக்குப் பேரே 'லேபிள்'. எடுத்துவிட்டேன் என்கிறான் அவன். எடுக்கவில்லை, பையே சாட்சி என்கிறார் டீம் லீடர். புரோகிராம் ரத்த வங்கிக்குப் போன வெள்ளிக்கிழமை லேபிள் லீவு, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அவன் எழுதிய கோடை பில்டு செய்து, அதாவது ஓடுகிற புரோகிராமாகக் கட்டி, அனுப்பியவர் டீம் லீடர். தப்பான அந்தப் புரோகிராமை ரத்த வங்கி அன்றைக்கே அழித்துவிட்டுப் பழைய லேபிளுக்கே திரும்பிவிட்டது. டீம் லீடரும் தன் பிரதியை அழித்துவிட்டார், ஆபத்தான சாமானை வைத்திருக்கக் கூடாதாம். ஆக, எடுத்துப் பார்க்க ஒரு துரும்பு மிச்சமில்லை.

கோடைப் படித்து யார் சொல்வது சரி என்று சொல்லக்கூடியவர்கள் அந்த ஆபீஸில் ரெண்டே பேர். ஒருவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். இன்னொருவர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார்.

சாயங்காலம் நாலு மணிக்கு முதலாளியம்மா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறார். 'உயிரோடு விளையாடிய அலட்சியத்துக்காக' லேபிளுக்கு வேலை போகும். நகல் ரத்த வங்கிக்கு, அங்கிருந்து போலீஸுக்கு. அந்தக் கடிதம் வெளியே போய்விட்டால் இந்தத் தொழிலில் எவனும் அவனை வாசலில்கூட நிறுத்தமாட்டான்.

அவன்தான் கொக்கியின் கட்சிக்காரன்.

கொக்கிக்கு ஒரு பழக்கம் உண்டு. லாரி கவிழ்ந்தது என்றால் அந்த வளைவில் தானே வண்டி ஓட்டிப் பார்ப்பாள். கடை எரிந்தது என்றால் அதே மாதிரி மரப்பலகையைத் தானே கொளுத்திப் பார்ப்பாள். டீம் லீடர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் இருந்தது மூன்றே வரி: 'அவர் வைத்துவிட்டுப் போன கோடில் நான் கை வைக்கவில்லை. புது மெஷினில் ஒரே கமாண்ட் கொடுத்தேன். ஒரே தடவையில் ஆச்சு.' அதையே நானும் செய்து பார்க்கிறேன் என்று காலையில் முதலாளியம்மாவிடம் வாய்விட்டாள். அவரும் நியாயஸ்தர். பெட்டி பிரிக்காத ஒரு மெஷினையும், லேபிளின் கோடையும், சன்னல் இல்லாத இந்த அறையையும் கொடுத்து, "நாலு மணி வரைக்கும் உங்களுக்கு," என்றார்.

காலையில் அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. லேபிள் போனில் அவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தான்.

"அக்கா, மேவன்னு ஒரு டூல். வீடு கட்டுற மேஸ்திரி மாதிரின்னு வெச்சுக்கங்க. என்னென்ன சாமான் வேணும்னு ஒரு லிஸ்ட் குடுத்தா போதும், அதுவே போய் வாங்கிட்டு வந்து, கட்டி முடிச்சு, சாவியைக் கையில குடுத்துரும்."

"லிஸ்ட் எங்கப்பா இருக்கு?"

"பாம் ஃபைல்ல இருக்கு அக்கா. முதல்ல பாம் எங்க இருக்குன்னு தேடுங்க."

நாத்தனார் சும்மா இருப்பாளா? கதவைத் திறந்து, "இங்க பாம் எங்க வெச்சிருக்கீங்க?" என்று சத்தமாகக் கேட்டாள். வரவேற்பில் இருந்த பெண் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளை உட்காரவைக்கக் கால் மணி நேரம் போனது.

அப்புறம் ஆரம்பித்தது சனி. முதலில் மேவன், தான் ஓடுவதற்கு வேண்டிய ஜாவா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றது. அதைக் காட்டிக் கொடுத்தால், இந்த ஃபோல்டரில் பாமே இல்லை என்றது. ஃபோல்டர் மாறிப் போனார்கள். கமாண்டில் ஓர் எழுத்து தப்பு என்றது. எழுத்தைத் திருத்தினார்கள். உடனே மேஸ்திரி சாமான் வாங்கக் கிளம்பிவிட்டார். வரி வரியாக ஓடியது, என்ன வாங்குகிறார், எங்கே வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் ஒன்றும் புரியவில்லை. அரை மணி நேரம் ஓடிய பிறகு, எல்லாம் முடிந்துவிட்டது என்று இருவரும் மூச்சுவிட்ட நேரத்தில், பளிச்சென்று சிவப்பு. அப்போதிருந்து எதைச் செய்தாலும் அதே சிவப்புதான். அழித்துவிட்டு மறுபடி செய்தார்கள், சிவப்பு. மெஷினை அணைத்துப் போட்டார்கள், சிவப்பு. நாத்தனார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடித்தாள். அதற்கும் சிவப்பு.

மணி ஒன்றரை.

கதவு தட்டப்பட்டது. கையில் டீ கப்போடு டீம் லீடர் நின்றார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு.

"எப்படி மேடம் போகுது?"

"போகவே மாட்டேங்குது சார்," என்றாள் கொக்கி. மறைத்து என்ன ஆகப்போகிறது.

"தப்பா எடுத்துக்காதீங்க. படிச்சிட்டு வர்ற பசங்களுக்கே இது பிடிபட மூணு மாசம் ஆகும். உங்க வயசுல..." என்று இழுத்தார்.

"எங்க அண்ணிக்கு வயசு அப்படி ஒண்ணும் ஆகலை சார்," என்றாள் நாத்தனார். "காலையில வரும்போது நாப்பத்தெட்டு. இந்த மேஸ்திரி வந்துதான் அறுபதாக்கிட்டாரு."

"உங்களுக்கு எத்தனை தடவையில ஆச்சு சார்?" என்று கேட்டாள் கொக்கி.

"அதான் எழுதிக் குடுத்திருக்கேனே. ஒரே தடவை."

வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, வாசலில் இருந்தபடியே போய்விட்டார். கொக்கிக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. பொய்க்காரர்களைப் பார்த்து வராத கோபம், இந்தக் கருப்புத் திரையைப் பார்த்து வந்தது. மனுஷன் பொய் சொன்னால் முகம் பார்க்கலாம், குரல் பார்க்கலாம். இந்தச் சனியனுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. முடியாது என்று சொல்வதை மட்டும் முப்பது வரியில் சொல்லத் தெரிகிறது!

லேபிளுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நீ வீட்ல உன் லேப்டாப்ல இதே கமாண்டை அடி. இப்பவே அடி. நான் லைன்ல இருக்கேன்."

மறுமுனையில் டக டகவென்று சத்தம். பத்து விநாடிகூட ஆகவில்லை.

"ஆச்சு அக்கா. சக்சஸ். பச்சை."

"இங்க சிவப்புடா!"

"எனக்கு ஆகுதே அக்கா..."

"இந்தத் தொழில்ல எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்களாம்," என்றாள் நாத்தனார். "வெளியில சுவர்ல ஒட்டியே வெச்சிருக்காங்க. 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு."

லேபிள் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? ஒருவேளை நான்தான் ஏதோ பண்ணிட்டேனோ? இங்க நல்லாத்தான் அடிக்குது. ஆனா சாருக்கு ஒரே தடவையில பில்டு ஆயிருக்கு, ஆயும் தப்பா வந்திருக்கு. அப்ப நான் எழுதினதுதானே தப்பா இருக்கணும்? பத்து நாளா கோடை உக்காந்து உக்காந்து படிக்கிறேன். தப்பே தெரியலை. தெரியாததுதான் பயமா இருக்கு. அந்தப் பை யாருக்காவது ஏறியிருந்தா..."

"அதான் ஏறலையே."

"ஏறியிருந்தா அக்கா?"

கொக்கி போனை வைத்தாள். குற்றம் செய்தவன் கலங்காமல் திரிவதைப் பார்த்திருக்கிறாள். செய்யாதவன் தன்னைத்தானே சந்தேகப்பட ஆரம்பிப்பது அதைவிட மோசம், நாளைக்கு யாராவது நீட்டினால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடுவான். இவனைக் காப்பாற்ற வந்தவளுக்கோ ஒரே ஒரு கமாண்ட் அடிக்கத் துப்பில்லை.

"நமக்கு வரலைடி," என்றாள். "வராதுன்னா வராது. தோத்தாச்சுன்னு போய்ச் சொல்லிடலாம்."

எழுந்து போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால், நாத்தனார் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"படிக்கிறேன். காலையில இருந்து செவப்பைப் பார்த்ததும் அலறிட்டு அழிக்கிறோமே தவிர, ஒரு தடவையாவது படிச்சோமா? நீங்களே சொல்லுங்க, எந்த இன்ஷூரன்ஸ் பாலிசியையாவது படிக்காம விட்டிருக்கீங்களா? இதை மட்டும் ஏன் படிக்கலை?"

"முப்பது வரி இருக்கு. முழுக்கக் குப்பை."

"இருபத்தொம்பதுதான் குப்பை. ஒரு வரி பேசுது பாருங்க." விரலை ஓரிடத்தில் நிறுத்தினாள். "'வகை, ஒண்ணு புள்ளி நாலு. கிடைக்கலை.' அதுக்குக் கீழ என்ன சொல்லுது தெரியுமா? 'முன்னாடியே கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டுட்டிருக்க மாட்டேன்.' அப்படியே எங்க அண்ணன் மாதிரி இல்ல?"

கொக்கி குனிந்தாள். 'வகை' என்பது அவளுக்குத் தெரியும். குரூப்பை எழுத்தாக்கும் சின்னத் துண்டு, லேபிள் எழுதியது. லேபிள் அடிக்கும் புரோகிராமுக்கு வேண்டிய சாமான்களில் அதுவும் ஒன்று. பழையது ஒன்று புள்ளி மூன்று, இடைவெளி விடும். புதியது ஒன்று புள்ளி நாலு, விடாது. மேஸ்திரியின் லிஸ்டில் நாலு என்றுதான் எழுதியிருந்தது.

"சாமான் கிடைக்கலையா?" என்றாள் மெதுவாக. "நம்ம அடிச்சது தப்பில்லையா?"

"அடிச்சது எல்லாம் சரி. கடையில சரக்கு இல்ல."

அந்த ஆபீஸில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளை எல்லாரும் சர்வர் அண்ணன் என்பார்கள். ஃபேன் சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்து காது மந்தமான மனிதர். அவருடைய குளிர் அறைக்குள் போய், "வகை ஒண்ணு புள்ளி நாலு எங்கே இருக்கு?" என்று ரெண்டு தடவை கத்தினாள் கொக்கி.

அவர் கிடங்கு மாதிரி ஒரு பட்டியலைத் திறந்தார். ஆபீஸ்காரர்கள் எழுதுகிற துண்டுகளையெல்லாம் எல்லாரும் எடுத்துக்கொள்ள வசதியாகப் போட்டுவைக்கும் பொதுக் கிடங்கு அது.

"ஒண்ணு புள்ளி மூணு வரைக்கும்தான் இருக்கு. நாலு இல்லையே?"

"யாராவது எடுத்துட்டாங்களா?"

"எடுத்திருந்தா எழுதியிருக்கும். இது வரவே இல்ல."

"அப்ப லேபிள் தம்பிக்கு மட்டும் எப்படி ஆகுது?"

"அவர் லேப்டாப்புக்குள்ளயே சின்னதா ஒரு கிடங்கு இருக்கும்மா. ஒவ்வொரு மெஷினுக்கும் உண்டு. இன்ஸ்டால்னு அடிச்சா அவர் கிடங்குல போய் விழும். டிப்ளாய்னு அடிச்சாத்தான் இங்க வரும். ரெண்டாவதை அடிக்க மறந்திருப்பாரு. நிறைய பேர் மறப்பாங்க, அவங்க மெஷின்ல ஓடிடும் பாருங்க, தெரியவே தெரியாது."

கொக்கியின் முகத்தில் காலையில் இருந்து காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்தது. நாத்தனாருக்கு அந்த முகம் தெரியும். லாரிக்காரன் அழுவதற்கு அஞ்சு நிமிஷம் முன்னால் அண்ணிக்கு வரும் முகம் அது.

"அண்ணே, இன்னும் ஒரே ஒரு கேள்வி," என்றாள் கொக்கி, அவர் காதுக்குப் பக்கத்தில் போய்.

நாலு மணி. முதலாளியம்மாவின் மேஜை மேல் கடிதம், கடிதத்தின் மேல் பேனா. எதிரே டீம் லீடர். கொக்கி உள்ளே வந்தாள். பின்னால் நாத்தனார், கல்யாணச் சீர் தூக்குவதுபோல அந்தப் புது மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். கடைசியாக சர்வர் அண்ணன், கையில் ஒரு தாளோடு வந்து கதவோரம் நின்றார்.

"தோத்துட்டோம்மா," என்றாள் கொக்கி. "இருபத்திரண்டு தடவை அடிச்சோம். எங்களுக்கு வரலை."

டீம் லீடர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். முதலாளியம்மா பெருமூச்சோடு பேனாவை எடுத்தார்.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆசை. சார் கையால ஒரு தடவை செஞ்சு காட்டினா, பார்த்துட்டுப் போயிடுவோம். அதே கோடு, அதே மாதிரி புது மெஷின், ஒரே கமாண்ட்."

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார் டீம் லீடர்.

"ஒரு நிமிஷ வேலைதானே, பண்ணிக் காட்டுங்க," என்றார் முதலாளியம்மா.

அவர் உட்கார்ந்தார். வேகமான விரல்கள், பார்க்கவே அழகாக இருந்தது. எண்டர் தட்டினார். திரை ஓடியது. சிவப்பு.

"ஒண்ணு," என்றாள் நாத்தனார்.

டீம் லீடர் அவளை முறைத்துவிட்டு மறுபடி தட்டினார். சிவப்பு.

"ரெண்டு."

"நெட் சரியில்லை."

"நெட் நல்லா இருக்கு சார்," என்றார் கதவோரம் நின்ற சர்வர் அண்ணன்.

"மெஷின் புதுசு. இன்னும் செட் ஆகலை."

"அன்னைக்கும் புதுசுதானே சார்?" என்றாள் கொக்கி. "எழுதியிருக்கீங்களே."

டீம் லீடர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கழுத்துக்குக் கீழே சட்டை நனைய ஆரம்பித்திருந்தது.

"வகை ஒண்ணு புள்ளி நாலைக் காணோம். அதான் ஃபெயில் ஆகுது. அன்னைக்கு அது கிடங்குல இருந்துச்சு. இப்ப யாரோ எடுத்திருக்காங்க. யாரு எடுத்திருப்பான்னு நான் வேற சொல்லணுமா? மாட்டிக்கிட்டோம்னு வீட்ல இருந்தே எடுத்திருப்பான்."

முதலாளியம்மா கொக்கியைப் பார்த்தார். கொக்கி சர்வர் அண்ணனைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"கிடங்குக்கு வர்றது, போறது, யாரு என்ன கேட்டாங்கங்கிறது, எல்லாமே தானா பதிவாகும். ஒண்ணு புள்ளி நாலு வந்ததும் இல்ல, போனதும் இல்ல. ஆனா கேட்டிருக்காங்க. அந்த வெள்ளிக்கிழமை காலையில பதினொண்ணு பத்துல இருந்து, சார் மெஷின்ல இருந்து." அவர் தாளைத் திருப்பினார். "ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் மறுபடி போய்க் கேளுன்னு கட்டாயப்படுத்திக் கேட்டிருக்காரு, ஏழு தடவையும் இல்லைன்னு பதில் போயிருக்கு. பதினொண்ணு நாப்பதுக்கு எட்டாவதா ஒண்ணு புள்ளி மூணைக் கேட்டிருக்காங்க. அது இருந்துச்சு. போயிடுச்சு."

முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு வராததுக்குக் காரணம் எங்க வயசு இல்லம்மா," என்றாள் கொக்கி. "அந்த நாலாம் நம்பர் இந்த உலகத்துல ஒரே ஒரு லேப்டாப்லதான் இருக்கு. அது அன்னைக்கு ஆஸ்பத்திரியில லேபிள் தம்பி மடியில இருந்துச்சு. தம்பி வெச்ச கோடுல கை வைக்காம, வேற எந்த மெஷின்லயும், எவ்வளவு பெரிய ஆள் அடிச்சாலும், இது பில்டே ஆகாது. ஆகவே முடியாததை 'ஒரே தடவையில் ஆச்சு'ன்னு எழுதிக் குடுத்திருக்காரு. கஷ்டப்பட்டு ஆச்சுன்னு எழுதியிருந்தாக்கூட நான் நம்பியிருப்பேன். லிஸ்டைத் திறந்து நாலை அழிச்சு மூணுன்னு போட்டுட்டீங்க, இல்லையா சார்? அனுப்பின பிறகு பழையபடி நாலாக்கிட்டீங்க. மதியானம் எங்க ரூமுக்கு வந்தீங்களே, ஸ்கிரீன் பக்கமே திரும்பலை. கம்ப்யூட்டர் தெரிஞ்ச எவருக்கும் அடுத்தவங்க எர்ரரை எட்டிப் பார்க்காம இருக்க முடியாது. அதுல என்ன எழுதியிருக்கும்னு உங்களுக்குப் பார்க்காமலே தெரியும்."

டீம் லீடர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். அவர் பேசியபோது குரலில் மடிப்புகள் எல்லாம் கலைந்துபோயிருந்தன.

"பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும். போன் மேல போன். இவன் போனை ஆஃப் பண்ணியிருந்தான், ஆபரேஷன் நேரம். இந்தப் பாழாப்போன செவப்பு வந்துட்டே இருந்துச்சு. மூணுக்கும் நாலுக்கும் என்ன பெரிய வித்தியாசம் இருக்கப்போகுதுன்னு... ஓ பாசிட்டிவ் அடிச்சுப் பார்த்தேன், ஏ நெகட்டிவ் அடிச்சுப் பார்த்தேன். ரெண்டும் சரியாத்தான் வந்துச்சு."

அந்த அரை மணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்று கொக்கிக்கு நன்றாகவே தெரிந்தது. காலையில் இருந்து அவளும் அதே சுவரில்தான் முட்டிக்கொண்டிருந்தாள். இரக்கம்கூட வந்தது. அது முதலாளியம்மா அடுத்துக் கேட்ட கேள்வி வரைக்கும்தான் நின்றது.

"அது அவசரத்துல பண்ணினது. சரி. அதுக்கப்புறம் பத்து நாள் இருந்துச்சே? இந்த லெட்டரை நான் டைப் பண்ணச் சொன்னப்ப நீங்க பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை திருத்தினீங்களே? 'கவனக்குறைவு'ன்னு இருந்ததை 'அலட்சியம்'னு மாத்தச் சொன்னது நீங்கதானே?"

கொக்கி லேபிளுக்குப் போன் போட்டு, உடனே கிளம்பி வரச் சொன்னாள்.

லேபிள் வந்து சேர அரை மணி நேரம் ஆனது. பத்து நாள் தாடி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. உள்ளே வந்தவன் டீம் லீடரைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கொக்கி நடந்ததைச் சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டான். நாலு மூன்றான இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப என் கோடு சரியா அக்கா?"

"சரிப்பா."

"இடைவெளி எடுத்திருக்கேனா?"

"எடுத்திருக்கே. பத்து நாளா நீ தேடின தப்பு அதுல இல்லவே இல்ல. இல்லாததை எங்கேயிருந்து கண்டுபிடிப்பே?"

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். கையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினான். நாத்தனார் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். முதலாளியம்மா மேஜையில் இருந்த கடிதத்தை நடுவில் பிடித்துக் கிழித்தார், பிறகு நாலாக, பிறகு எட்டாக.

"ரத்த வங்கிக்கு வேற கடிதம் போகும்," என்றார். "இன்னைக்கே. என்ன நடந்துச்சுன்னு, யார் பண்ணினதுன்னு. உன் பேர் அதுல வராதுப்பா."

லேபிள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"வரணும் மேடம்."

"என்னது?"

"டிப்ளாய் பண்ண மறந்தது நான். பண்ணியிருந்தா சாருக்கு அந்தச் செவப்பே வந்திருக்காது. லீவுல போற அவசரத்துல விட்டுட்டேன்."

"அதையும் இதையும் ஒண்ணா வெச்சுப் பேசாதே தம்பி," என்றாள் கொக்கி.

"ஒண்ணா வெக்கலை அக்கா. செய்யாத தப்புக்குப் பத்து நாளா எல்லாருக்கும் பதில் சொல்லிட்டிருந்தேன். எங்க அப்பா கண்ணுல கட்டோட படுத்துக்கிட்டு, 'நீ பண்ணலைதானே'ன்னு தினமும் கேப்பாரு. பண்ணலைன்னு திடமா சொல்ல முடியலை. இப்பத் தெரியுது, எது நான் பண்ணினது, எது பண்ணாததுன்னு. பண்ணினதை என் பேர்லயே எழுதுங்க மேடம். ஒரு வரி போதும்."

முதலாளியம்மா ஒரு புதுத் தாளை எடுத்து மேஜையில் வைத்து, பேனாவை அவன் பக்கம் நீட்டினார்.

"நீயே எழுது," என்றார்.